ஃபீஸ் கட்டுகிறேன், அவர் எழுந்து நிற்கிறார்: தாழ்மையை எப்படிப் பழகுவது?

நீங்கள் எழுதியதை ஒருமுறை திரும்பச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம், சென்னையில் வேலை, கைநிறையச் சம்பளம். ஊர்க் கோயிலில், அதாவது நம் சர்ச்சில், மணி அடித்து, கூட்டிப் பெருக்கி, பாய் விரிக்கிற கோயில்குட்டியின் மகளுக்கு மூன்று வருஷமாகக் காலேஜ் ஃபீஸ் கட்டி வருகிறீர்கள். இப்போது ஊருக்குப் போனால், உங்களைவிட இருபத்தைந்து வயது மூத்த அந்த மனிதர் உங்களைக் கண்டதும் படக்கென்று எழுந்து நிற்கிறார். உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது, உள்ளே கொஞ்சம் இனிக்கவும் செய்கிறது. அந்த இனிப்பைக் கண்டு பயந்துபோய், 'பிறரை என்னிலும் மேன்மையானவராக எண்ணுவது நடிப்பு இல்லாமல் முடியுமா, தாழ்மையைப் பழக ஏதாவது வழி இருக்கிறதா' என்று கேட்டிருக்கிறீர்கள். பார்த்தால் தாழ்மையைப் பற்றிய கேள்வி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் உங்களை உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன்: கொடுக்கிறவன் வாங்குகிறவன் தலைமேல் ஏறி உட்காராமல் கொடுக்க முடியுமா என்பது.

நான் மதுரை அரசரடியில் இறையியல் படித்து, முப்பத்தொரு வருஷம் குருவானவராக இருந்து ஓய்வு பெற்றவன். தேரிக்காட்டுச் சேகரங்கள் (சேகரம் என்றால் ஒரு குருவானவர் பொறுப்பில் இருக்கிற சபைகள்), தாமிரபரணிக் கரை, தென்காசிப் பக்கம் என்று மாறிமாறி இருந்தேன். நம் ஊரில் குருவானவர் என்றால் என்ன மரியாதை என்று உங்களுக்கே தெரியும். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் 'ஐயாவுக்கு நாற்காலி போடு' என்று ஒரு குரல் வரும், முதல் தட்டு நமக்குத்தான் வரும், கறியில் நல்ல துண்டும் நமக்குத்தான். இப்படி முப்பது வருஷம் வாழ்ந்தவனிடம் போய்த் தாழ்மையைப் பற்றிக் கேட்பது ஒரு மாதிரி வேடிக்கைதான். எங்கெங்கே வழுக்கும் என்று சொல்லத் தெரியும், விழுந்து எழுந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் நீங்கள் கேட்ட அந்த வசனம். பவுல் அப்போஸ்தலன் பிலிப்பி சபைக்கு எழுதின நிருபம், பிலிப்பியர் 2:3: 'மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்.' இதில் 'எண்ண' என்று இருக்கும் இடத்தில் உள்ள கிரேக்கச் சொல் மனசுக்குள் பொங்கி வருகிற உணர்ச்சியைச் சொல்வதில்லை. இன்னாரை இன்ன இடத்தில் வைக்கிறேன் என்று தீர்மானித்துக் கணக்கில் எழுதுகிற மாதிரியான சொல் அது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆகவே 'எனக்கு அப்படித் தோன்றவில்லையே, தோன்றாமல் செய்தால் நடிப்புத்தானே' என்று நீங்கள் கலங்க வேண்டியதில்லை. தோன்றுகிற வரை காத்திருக்கச் சொல்லி பவுல் எழுதவில்லை. அடுத்த வசனமே 'பிறருக்கானவைகளையும் நோக்குவானாக' என்று காரியத்துக்கு வந்துவிடுகிறது. சந்தேகமான இடம் ஒன்று உண்டு. மற்றவர் உண்மையிலேயே என்னைவிட மேலானவர் என்று நம்பச் சொல்கிறாரா, அல்லது மேலானவரை நடத்துகிற மாதிரி நடத்தச் சொல்கிறாரா என்பதில் வியாக்கியானம் எழுதியவர்கள் ஒத்துப்போவதில்லை. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறவன். நீங்கள் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவதில் கெட்டிக்காரர் என்றால், கோயில்குட்டி உங்களைவிட நன்றாகப் புரோகிராம் எழுதுவார் என்று உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ள வேதம் சொல்லவில்லை. அவர் காரியம் என் காரியத்தைவிட முந்தியது என்று வைக்கச் சொல்கிறது, அது பொய் இல்லாமல் செய்யக்கூடியது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், பிரசங்கங்களில் இதை யாரும் தொடுவதில்லை. தமிழில் 'தாழ்மை' என்ற சொல்லும் 'தாழ்ந்தவன்' என்ற சொல்லும் ஒரே வேரில் முளைத்தவை. 'தாழ்ந்தவன்' என்றால் நம் ஊரில் காதில் என்ன விழும் என்று நான் விளக்க வேண்டாம். தலைமுறை தலைமுறையாக மற்றவர்கள் தாழ்த்தி வைத்த ஜனங்கள், நம் பாட்டன் பூட்டன் உட்பட, ஞானஸ்நானம் பெற்றபோது எதற்காக நிமிர்ந்தார்களோ, அந்த நிமிர்வைத் தாழ்மை என்ற பெயரால் திரும்பப் பிடுங்கக் கூடாது. பவுலே அதே அதிகாரத்தில் காட்டுகிற மாதிரி யார்? தேவரூபமாயிருந்தும் 'தம்மைத்தாமே வெறுமையாக்கி' அடிமையின் ரூபம் எடுத்த இயேசு. வெறுமையாக்குவதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும் இல்லையா? உங்களிடம் இருக்கிறது, என்னிடம் இருக்கிறது. அதனால் அந்த வசனம் முதலில் நமக்கு. வேலைக்கு வந்த புதிதில், குடித்துவிட்டு அடிக்கிற புருஷனைப் பற்றிச் சொல்லி அழுத ஒரு அம்மாவிடம் 'தாழ்மையாய் இருங்க, கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று ஜெபம் பண்ணி அனுப்பினேன். அது தாழ்மையே இல்லை, அந்த அம்மாவை அடிக்குக் கீழே திரும்ப உட்கார வைத்தேன். இன்று யாராவது அப்படி வந்தால் முதலில் பெண்கள் உதவி எண் 181-க்கு போன் போட்டுக் கொடுப்பேன், ஜெபம் அப்புறம். கொலோசெயருக்கு எழுதின நிருபத்தில் 'மாயமான தாழ்மை' என்று ஒரு வார்த்தை வருகிறது. கிரேக்கத்தில் பிலிப்பியரில் இருக்கிற அதே சொல்தான் அங்கேயும். ஒரே சொல் ஒரு இடத்தில் குணம், இன்னொரு இடத்தில் வேஷம்.

சரி, பழகுவது எப்படி என்பதற்கு வருகிறேன். தேரிப் பக்கத்துச் சேகரம் ஒன்றில் இருந்தபோது, பெரிய வியாழன் ஆராதனையில், இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவினது போல, சபையாரின் கால் கழுவ வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை வந்தது. நம் சபைகளில் எல்லா இடத்திலும் அந்த வழக்கம் கிடையாது, நானாகத் தொடங்கினேன். பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தேன். பதினொரு பேர் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கால்களில் கழுவ என்ன இருக்கிறது? பன்னிரண்டாவது ஆள் ஒரு பனையேறி, அறுபது வயதுக்கு மேல். பனை ஏறி ஏறிக் காய்த்துப் போய், வெடிப்பு விழுந்து, கல் மாதிரி இருக்கும் அவர் பாதம். அவர் வரவே இல்லை. மறுநாள் கேட்டால், 'நீங்க என் காலைத் தொட்டா எனக்கு ராத்திரி உறக்கம் வராது ஐயா' என்றார். 'நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது' என்று சீஷன் பேதுரு இயேசுவிடம் சொன்னதன் நெல்லைத் தமிழ். அவருக்கு வசனத்தை எடுத்து விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், 'அதை விடுங்க, நாளைக்குக் காலையில விடிலிக்கு வாங்க, பதனி குடிங்க' என்றார்.

விடிலி என்றால் பதனீர் காய்ச்சுகிற குடிசை. போனேன். காலை வெயில் ஏறுவதற்கு முன்னால். அவர் வீட்டம்மா அடுப்பில் பதனீர் காய்ச்சிக்கொண்டிருந்தார், புகையில் கண் எல்லாம் சிவந்து. எனக்குப் பனையோலைப் பட்டையில் பதனீர் ஊற்றிக் கொடுத்தார்கள். நாற்காலி கிடையாது, கவிழ்த்துப் போட்ட பெட்டி ஒன்றில் உட்கார்ந்தேன். பட்டையைப் பிடிக்க எனக்குத் தெரியவில்லை, ஒரு பக்கம் ஒழுகிச் சட்டையெல்லாம் நனைந்தது. அவர் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து, 'இப்படி மடக்கிப் பிடிக்கணும்' என்று சொல்லிக் கொடுத்தார். மூன்று வருஷத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. எந்தப் பாளையில் எப்போது சீவ வேண்டும், சுண்ணாம்பு கூடினால் என்ன ஆகும், குறைந்தால் என்ன ஆகும் என்று ஒரு மணி நேரம் பேசினார், எனக்கு ஒன்றுமே தெரியாது, கேட்டுக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை தண்ணீரும் துவாலையும் வைத்துக்கொண்டு நான் செய்ய நினைத்தது சனிக்கிழமை காலையில் அங்கே நடந்தது, ஆனால் கழுவப்பட்டது யார் கால் என்று யோசித்தால் எனக்கு இன்றும் குழப்பம்தான்.

உதவி செய்வது எளிது. பெறுவது கஷ்டம். உங்களைப் போல, என்னைப் போல, கையில் கொஞ்சம் இருப்பவர்களுக்குத் தாழ்மையின் கஷ்டமான பாதி இந்தப் பெறுகிற பாதிதான் என்பது என் அனுபவம். அனுபவம் என்றுதான் சொல்கிறேன், சட்டம் என்று சொல்லவில்லை. ஆனால் நம் மண்ணில் பிறந்த ஒருவர் இதை நூறு வருஷத்துக்கு முன்பே, உலகமே கேட்கும்படி சொல்லிவிட்டார். அன்றைய திருநெல்வேலி ஜில்லா வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வே. ச. அசரியா. அப்பா கிராமத்துக் குருவானவர். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது முன்னே நின்றவர்களில் ஒருவர், பிற்பாடு 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். நடுவில் 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் பேசினார். முப்பத்தைந்து வயது. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் நமக்குப் பள்ளிக்கூடம் கட்டினவர்கள், ஆஸ்பத்திரி கட்டினவர்கள், பஞ்சத்தில் கஞ்சி ஊற்றினவர்கள். வெள்ளைக்கார மிஷனெரிகளும் இந்திய ஊழியர்களும் ஒருவர் வீட்டில் ஒருவர் உட்கார்ந்து சாப்பிடுகிற உறவு இல்லையே என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். எல்லாவற்றையும் கொடுத்தாலும் அன்பு இல்லையென்றால் பிரயோஜனம் இல்லை என்கிற முதல் கொரிந்தியர் 13-ஐ மனப்பாடமாகத் தெரிந்தவர்களுக்கு அது எங்கே போய்க் குத்தும் என்று தெரியும். கூட்டத்தில் சிலருக்குக் கோபம் வந்தது, நன்றிகெட்ட பேச்சு என்று நினைத்தார்கள். எனக்கு அந்தக் கோபம் நன்றாகவே புரிகிறது, ஏனென்றால் எனக்கும் வந்திருக்கிறது. இவ்வளவு செய்தோமே, இன்னும் என்ன வேண்டுமாம் என்று.

2023 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, ஏரல், ஸ்ரீவைகுண்டம் எல்லாம் தண்ணீர். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் மாட்டிக்கொண்டு நின்றபோது, பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள் தங்கள் வீட்டிலிருந்த அரிசி பருப்பைப் போட்டு அத்தனை பயணிகளுக்கும் சமைத்துக் கொடுத்தார்கள், கேட்டவர் கேளாதவர் எல்லாருக்கும். அதே வாரத்தில் நான் செய்ததையும் சொல்கிறேன். ஆற்றோரச் சேகரத்தில் இருந்தேன், வெளியூர் நண்பர்கள் அரிசிப் பை அனுப்பினார்கள், கணக்குக் காட்ட போட்டோ வேண்டும் என்றார்கள். டோக்கன் கொடுத்து, வரிசை கட்டி, பேனர் பிடித்து, ஒவ்வொருவராகப் பையை வாங்கும்போது ஒரு கிளிக். வரிசையில் ஒரு பாட்டி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்கள். வெயிலுக்கு என்று நினைத்தேன். கிட்ட வந்தபோதுதான் அடையாளம் தெரிந்தது. நான் அந்தச் சேகரத்துக்கு வந்த நாளிலிருந்து ஒரு ஞாயிறு தவறாமல் பிடியரிசி கொண்டுவந்து கொட்டுகிறவர். சமைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி எடுத்துக் கர்த்தருக்கு என்று தனிப் பானையில் போட்டு வைத்தவர், இன்று அரிசிக்கு வரிசையில் நிற்கிறார், நான் கேமராவைப் பார்க்கச் சொல்கிறேன். அந்த போட்டோவை அழித்துவிட்டேன். பாட்டியிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது, 'அதுக்கென்ன ஐயா, காப்பி குடிக்கீங்களா' என்று கேட்டார்கள். அவர்களை நான் கீழே இறக்கினேன் என்பது மட்டும் உறுதி. மன்னித்தார்களா, மரியாதைக்குச் சொன்னார்களா என்பது எனக்குத் தெரியாது.

இனி உங்கள் இனிப்பு. அது போகாது. போக வைக்கிற வித்தை என்னிடம் இல்லை, இருக்கிறது என்று சொல்கிறவர்களை நான் கொஞ்சம் தள்ளியே வைப்பேன். ஒரு சேகரத்தில் அசனப் பண்டிகை அன்று, அதாவது சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற விருந்து அன்று, கமிட்டிக்காரர்களுக்கும் எனக்கும் உள் அறையில் இலை போடுவார்கள், ஜனங்கள் வெளியே பந்தியில். இது சரியில்லை என்று நான் போய்ப் பந்தியில் தரையில் உட்கார்ந்தேன். மூன்று வருஷம். மூன்றாம் வருஷம் அதைப் பிரசங்கத்திலும் சொன்னேன், கேட்டீர்களா! அன்றைக்குச் சாயங்காலம் அந்த ஊர்க் கோயில்குட்டியார் தயங்கித் தயங்கிச் சொன்னார்: 'ஐயா, நீங்க பந்தியில உக்காந்தா எல்லாரும் உங்களையே பாக்காங்க, பரிமாறுறவன் உங்ககிட்டயே நிக்கான், பந்தி நகர மாட்டேங்கு. நீங்க ஒரு வாளியத் தூக்கிக்கிட்டுக் கொழம்பு ஊத்துங்க ஐயா.' நான்காம் வருஷம் குழம்பு வாளி தூக்கினேன். கை வலித்தது, கறி யாருக்கு எத்தனை துண்டு விழுகிறது என்று கவனிக்க வேண்டியிருந்தது, என்னைப் பற்றி நினைக்க நேரமே இல்லை. தாழ்மை எனக்கு வந்ததா என்று கேட்டால் தெரியாது, அந்த ஒரு மணி நேரம் பெருமை வந்து உட்கார இடம் இல்லை, அது தெரியும். பெருமை வருகிறதே என்று உதவியை நிறுத்திவிடாதீர்கள். ஈ மொய்க்கிறது என்று சோறு வடிக்காமல் இருப்பார்களா? அந்தப் பெண்ணின் படிப்பு உங்கள் மனச்சுத்தத்துக்காகக் காத்திருக்க முடியாது. வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியக் கூடாது என்று இயேசு சொன்னது ஊருக்கு மறைப்பதைப் பற்றி மட்டும் என்று நான் நினைக்கவில்லை. நம்மிடமிருந்தும் மறைக்கச் சொல்கிறார், அதாவது செய்ததையே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காதே என்று. களக்காட்டுப் பக்கம் டோனாவூருக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மாவின் கல்லறையில் கல் எதுவும் வைக்கக் கூடாது என்று அவர்களே சொல்லியிருந்ததால், பறவைகள் குளிக்கிற கல்தொட்டி ஒன்றில் தாய் என்று பொருள்படுகிற ஒரே ஒரு சொல் மட்டும் இருக்கிறது. நம் கோயில்களில் ஃபேன் இறக்கையில்கூடப் பெயர் எழுதுகிறோம். சரி, அதை விடுங்கள்.

உங்கள் காரியத்துக்கு என்ன செய்யலாம் என்றால், முதலில் பணத்தை அவர் கையில் கொடுப்பதை நிறுத்திவிட்டு நேராகக் காலேஜில் கட்டுங்கள், ரசீதை அவரிடம் காட்டிக்கொண்டிருக்க வேண்டாம். கடைசி வருஷத்துக்கு அந்தப் பெண்ணோ அவரோ 'இதைக் கைமாற்றாக வைத்துக்கொள்ளுங்க, அப்புறம் தாரேன்' என்று சொன்னால் வேண்டாம் என்று பெருந்தன்மை காட்டாதீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள். பதில் செய்ய முடியாதவர்களை விருந்துக்கு அழை என்று லூக்கா 14-இல் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம், இருக்கிறது, ஆனால் அது விருந்து வைக்கிறவன் பதிலை எதிர்பார்க்கக் கூடாது என்பதற்காக. வந்தவன் பதில் செய்தால் தடுக்கச் சொல்லவில்லை. இதில் என்னோடு சண்டை போடுகிற குருமார் உண்டு.

அடுத்தது கொஞ்சம் கசப்பானது. அவர் மகளுக்கு உங்கள் பணம் ஏன் தேவைப்பட்டது? சபை அவருக்கு என்ன சம்பளம் கொடுக்கிறது என்று விசாரித்திருக்கிறீர்களா? நான் தலைமை வகித்த கமிட்டிகளில், கோபுரத்துக்குப் பெயிண்ட் அடிக்க லட்சக்கணக்கில் தீர்மானம் போட்ட அதே கூட்டத்தில் கோயில்குட்டியாருக்கு முன்னூறு ரூபாய் கூட்டுவதற்கு அரைமணி நேரம் வாதாடியிருக்கிறோம், நானும் 'அடுத்த வருஷம் பார்ப்போம்' என்று சொல்லியிருக்கிறேன். அறுத்தவனுடைய கூலி பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதினதை அந்தக் கூட்டத்தின் தொடக்கத்தில் வேதபாடமாக வாசித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். ஊருக்குப் போகும்போது பொதுக்கூட்டத்தில் எழுந்து அவர் சம்பளத்தைப் பற்றிக் கேளுங்கள். நாலு பேருக்கு உங்களைப் பிடிக்காமல் போகும். மகளுக்கு ஃபீஸ் கட்டுவதில் கிடைக்கிற நல்ல பெயர் இதில் கிடைக்காது, அதனாலேயே இதை ஃபீஸுக்கு மேலே வைப்பேன்.

அவர் எழுந்து நிற்பதை உடனே நிறுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். அது அவருடைய மரியாதை, அதைப் பிடுங்கினால் அவருக்கு உங்களுக்குக் கொடுக்க வேறு என்ன இருக்கிறது என்று இப்போதைக்கு உங்களுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடியுங்கள். சாவு மணிக்கும் ஆராதனை மணிக்கும் கயிற்றை எப்படி இழுப்பார், எந்தக் கல்லறை யாருடையது, உங்கள் தாத்தா எந்தத் தூணுக்குப் பக்கத்தில் உட்காருவார், இதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். போய்க் கேளுங்கள். கேட்டுக்கொண்டே அவர் பக்கத்துப் படியில் உட்கார்ந்துவிட்டால் அவரும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

அப்புறம், ஒன்று கவனித்தேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கேள்வி முழுக்க அவரைக் 'கோயில்குட்டி' என்றே எழுதியிருக்கிறீர்கள், ஒரு 'ஆர்' விகுதிகூட இல்லை. மற்ற எல்லாரையும் முறை வைத்துச் சொல்லியிருக்கிறீர்கள்: அப்பா, சித்தப்பா, பாஸ்டரய்யா. அறுபதை நெருங்குகிற மனுஷன். நீங்கள் நேரில் எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது, ஒன்றும் சொல்லாமல் பேசிவிட்டு வருகிறீர்களோ என்று ஒரு சந்தேகம். அடுத்த முறை போகும்போது அண்ணாச்சி என்று கூப்பிட்டுப் பாருங்கள்.